பூசி மெழுகுதல்

பூசுவதும் நல்ல காரியம். மெழுகுவதும் நல்ல காரியம். சுவரில் விரிசல் கண்டால் பூசுகிறோம். மண் தரையைச் சாணம் கரைத்து மெழுகினால் வீடே குளிர்ந்து விடுகிறது. தனித்தனியே இருக்கும்போது இவ்வளவு மங்களகரமாக இருக்கிற இரண்டு சொற்களையும் சேர்த்து, 'பூசி மெழுகுகிறான்' என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு கள்ள முகம் கண்முன் வந்து நிற்கிறது! எதையோ மறைக்கிறான், உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தமாகி விடுகிறது.

இரண்டு நல்ல காரியங்கள் சேர்ந்து ஒரு கெட்ட காரியம் எப்படிப் பிறந்தது? இந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் அதற்கு விளக்கம் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒன்றை அவர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். விரிசலைச் சரிசெய்துவிட்டுப் பூசுகிறவனுடைய கையும், விரிசலை மறைப்பதற்காகவே பூசுகிறவனுடைய கையும் ஒரே மாதிரிதான் அசைகின்றன. கரணை ஒன்றுதான், கலவை ஒன்றுதான், பூச்சின் பளபளப்பும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் உள்ளே இருக்கிறது. உள்ளே இருப்பதோ, பூசி முடித்த பிறகு ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

மூடுவது எந்த இடத்தில் மறைப்பதாக மாறுகிறது? மறைப்பது எந்த இடத்தில் ஏமாற்றுவதாக மாறுகிறது? ஒழுக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ராஜ்யங்களையும் யுத்தங்களையும் உதாரணம் காட்டுவார்கள். நான் எடுத்துக்கொள்ளப் போவது ஒரு சுவர். அதுவும் சாதாரணச் சுவர் அல்ல. மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு பலகைச் சுவர்.

அமெரிக்காவில் 'கேம்பர்' என்று ஒரு வண்டி உண்டு. காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற ஓரறை வீடு என்று சொல்லலாம். நம் ஊர்ச் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவில் இளைப்பாறுகிறார்களே, அந்தக் 'கேரவன்' வண்டிக்குத் தூரத்துச் சொந்தம். கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேஜை, அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளோடு காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் போகிறவர்கள் அதை வாங்குகிறார்கள். வேறு சிலருக்கு அதுவேதான் வீடு. வாடகை கொடுத்து மாளாமல், வயதான காலத்தில் இப்படிப்பட்ட வண்டிகளில் குடியேறி, வேலை கிடைக்கும் ஊர்களைத் தேடி அலைகிற அமெரிக்கர்களைப் பற்றி ஜெஸிகா ப்ரூடர் என்ற பத்திரிகையாளர் 2017-இல் 'நோமேட்லாண்ட்' என்ற புத்தகத்தை எழுதினார். 2020-இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஆகவே, இந்த வண்டியின் சுவரைப் பற்றிப் பேசுவது உல்லாசப் பயணிகளைப் பற்றி மட்டும் பேசுவதாகாது.

இந்த வண்டி பிறந்த கதையே மழையில்தான் ஆரம்பிக்கிறது. 1920-களின் இறுதியில் டெட்ராய்ட் நகரத்தில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒருவர் இருந்தார். கிருமிகளை ஆராய்வது அவருடைய தொழில். மடித்து விரிக்கிற கூடார வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போனார். சில நிமிஷங்களில் விரித்து விடலாம் என்று அதை விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் விரிக்க ஆரம்பித்த சமயம் பார்த்து இடியும் மழையும் வந்து சேர்ந்தன. கூடாரம் நிமிர்வதற்குள் குடும்பம் முழுவதும் தொப்பலாக நனைந்து போயிற்று. 'இனி இந்தத் துணி வேண்டவே வேண்டாம்' என்று தீர்மானித்து, ஆறடி அகலமும் ஒன்பதடி நீளமும் உள்ள கெட்டியான பெட்டி ஒன்றைச் சக்கரத்தின் மேல் கட்டச் சொன்னார். 1930-இல் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அந்த மாதிரி வண்டியைக் கொண்டுபோய் வைத்தார். கெட்டிச் சுவர் வைத்த இழுவை வண்டி ஒரு பெரிய தொழிலாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

மழைக்குப் பயந்து கட்டிய சுவர். ஆனால் மழை அவ்வளவு சுலபத்தில் தோற்றுப் போகிற ஆசாமியா? வெளியே நின்று அடித்த தண்ணீர், சுவருக்கு உள்ளேயே குடிபுகக் கற்றுக்கொண்டது.

பழைய கேம்பர்களின் சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு. உள்ளே, கட்டை விரல் கனமுள்ள மரச் சட்டங்களால் ஆன ஒரு கூடு. சட்டங்களுக்கு நடுவில், குளிரும் வெப்பமும் தாக்காமல் இருக்கக் கண்ணாடி நாரினால் ஆன பஞ்சு. கடைசியாக, உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிற உட்பலகை. அதாவது மூன்று மில்லிமீட்டர் பிளைவுட். ஆதி நாட்களில் அது பிர்ச் மரத்தில் செய்யப்பட்டு, மெருகு பூசித் தேன் நிறத்தில் ஜொலிக்கும். பிற்காலத்தில், தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து வந்த லவான் மரத்தின் மேல் பூப்போட்ட காகிதத்தையோ பிளாஸ்டிக் உறையையோ ஒட்டி விட்டார்கள். லவான் வேறு யாருமல்ல. குங்கிலியம் தருகிற நம் சால மரத்துக்குப் பங்காளி.

கூரையும் சுவரும் சேர்கிற மூலையில் ஓர் அலுமினியப் பட்டியை வைத்து, அடியில் மக்கு அடைத்து, வரிசையாகத் திருகாணி முடுக்கியிருப்பார்கள். ஜன்னலைச் சுற்றிலும் அப்படியே. வெயிலில் தகடு விரிகிறது, குளிரில் சுருங்குகிறது. ரோட்டில் ஓடும்போது வண்டி முழுவதும் குலுங்குகிறது. வருஷங்கள் போகப் போக மக்கு காய்ந்து வெடிக்கிறது, திருகாணி துருப்பிடிக்கிறது. அந்த மயிரிழைச் சந்து போதும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு கரண்டித் தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

இறங்குகிற தண்ணீர் இறங்கிய இடத்தில் நிற்பதில்லை. சட்டத்தின் வழியே வழிந்து, குறுக்குக் கட்டையில் தங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு மூன்று அடி தள்ளி எங்கோ ஓரிடத்தில் பழுப்புக் கறையாக எட்டிப் பார்க்கிறது. கறை தெரிகிற இடத்தை மட்டும் சுரண்டி வைத்தியம் செய்கிறவனுக்கு வியாதி அகப்படுவதே இல்லை. மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தானே? ஆபீஸில் பட்ட அவமானம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கோபமாக வெளிப்படுகிறது. குழம்பில் உப்பைக் குறைத்தால் அந்தக் கோபம் தீருமா?

கறை கண்ட பிறகு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது சுலபமானது. கடையில் ஒரு புதுப் பலகை வாங்கி வந்து, கறையின் மேலேயே பசை தடவி ஒட்டி, ஓரத்தில் ஒரு மெல்லிய ரீப்பரை அடித்துவிடலாம். ஒரு பிற்பகல் பொழுதில் வேலை முடிந்துவிடும். வண்டி புது மணப்பெண் மாதிரி இருக்கும்.

இரண்டாவது வழி கடினமானது. இந்த வண்டிகளை உள்ளிருந்து வெளியே நோக்கிக் கட்டுகிறார்கள். முதலில் உட்பலகையும் அலமாரிகளும், பிறகு சட்டம், பிறகு பஞ்சு, கடைசியில்தான் வெளித்தகடு. ஆகையால், இற்றுப்போன சட்டத்தை ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் கட்டிய வரிசைக்கு நேர் எதிராகப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். மூலைப் பட்டியைக் கழற்றி, ஜன்னலை எடுத்து, தகட்டை உரித்து, இற்ற கட்டையை வெட்டி எறிந்து, நல்ல மரம் எட்டும் வரையில் போய், அங்கிருந்து புதுக் கட்டையைச் சேர்த்துப் பிணைத்து, மறுபடியும் எல்லாவற்றையும் மூட வேண்டும். வாரக்கணக்கில் வேலை. முடிந்த பிறகு பார்த்தால், முதல் வழியில் போனவனுடைய சுவருக்கும் இந்தச் சுவருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது!

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டிய பலகை, கெடுதலை மறைத்து வைப்பதோடு நிற்பதில்லை, அதை வளர்க்கிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் அதை இற்றுப்போகச் செய்கிற பூஞ்சை வளராது. 30-ஐ நெருங்கினால் அதற்குக் கொண்டாட்டம். திறந்த மரம் காற்றுப்பட்டு ஒருநாள் உலர்ந்துவிடலாம். மூடிய மரம் உலர வழியில்லை. நனைந்த சாமான்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்துவிட வேண்டும், பூஞ்சை பிடித்த இடத்தின் மேல் வர்ணம் பூசக்கூடாது என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் இலாகா எச்சரிக்கிறது. ஓதம் ஏறிய வீடுகளுக்கும் இருமல், இழுப்பு, ஆஸ்துமா உபாதைகளுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இருப்பதாக, அந்நாட்டு மருத்துவ அறிஞர்களின் குழு ஒன்று 2004-இல் அறிக்கை கொடுத்தது. சுவரோடு சுவராகத் தலை வைத்துப் படுக்கிற குழந்தைக்கு இந்தச் சுவர் வெறும் அழகுப் பிரச்னை இல்லை.

சில வருஷங்களுக்கு முன்பு அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்து ஊர் ஒன்றில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கிருந்து எல்க்ஹார்ட் என்ற ஊர் ஒரு மணி நேரப் பயணம். அமெரிக்காவில் தயாராகும் இந்த வண்டிகளில் பெரும்பகுதி எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. அடுத்த வீட்டில் இருந்தவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியோடு இரண்டு வருஷம் ஊர் சுற்றிவிட்டு விற்றுவிடலாம் என்ற திட்டத்தோடு, 1960-களில் செய்த கேம்பர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். உட்புறம் பளிச்சென்று வெள்ளைப் பலகை. நானே மெச்சினேன்.

ஒருநாள் முன் ஜன்னலுக்குக் கீழே அவர் கட்டை விரலால் அழுத்தினார். சுவர் இட்லி மாதிரி அமுங்கிற்று. மெதுவாகப் பலகையை நெம்பி எடுத்தார். உள்ளே இன்னொரு பலகை! ஒரு காலத்தில் தேன் நிறமாக இருந்த பிர்ச் பலகை, கரிய திட்டுக்களாக மாறியிருந்தது. அதையும் எடுத்தார். ஈரச் சாக்கு நாற்றம் குப்பென்று வந்தது. சட்டம் இருக்க வேண்டிய இடத்தில், வடிகட்டிய காப்பிச் சக்கை மாதிரி ஏதோ உதிர்ந்தது.

விற்ற மனிதனை அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு சொன்னார்: "அவன் பொய் சொல்லவில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவும் இல்லை."

அடுத்த சில வாரங்கள் அவருக்கு அதே வேலை. முதலில் பலகையைத் தொடவே இல்லை. தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடித்தார். வெளியே நின்று ரப்பர் குழாயால் கீழிருந்து மேலாக, சாண் சாணாக, நனைத்துக்கொண்டே போனார். மேலிருந்து ஆரம்பித்தால் எந்த ஓட்டை என்று தெரியாமல் போய்விடுமாம். மனைவி உள்ளே டார்ச் விளக்கும் சாக்குக் கட்டியுமாக உட்கார்ந்து, ஈரம் தலை காட்டிய இடத்தில் கோடு போட்டாள். பிறகு அடைப்பு, பிறகு மின்விசிறியை வைத்து நாட்கணக்காக உலர்த்தல், பிறகு வெட்டல், ஒட்டல், பிணைத்தல். நான் தினமும் மாலையில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

"இரண்டு வருஷத்தில் விற்கப் போகிற வண்டி. உள்ளே இருக்கிற கட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் தத்துவம் பேசுகிறவர் அல்ல. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, புதுச் சட்டத்தின் மேல் மாதத்தையும் வருஷத்தையும் எழுதினார். ஜன்னலின் இடது மேல் மூலையில் தண்ணீர் நுழைந்தது, அடைத்திருக்கிறேன், மறுபடி நனைந்தால் முதலில் அங்கே பாருங்கள் என்று ஒரு குறிப்பும் எழுதினார். அதற்குப் பிறகுதான் பலகையை வைத்து மூடினார்.

"இது யாருக்கு?" என்றேன்.

"அடுத்தபடி இதைத் திறக்கிறவனுக்கு" என்றார்.

'அவன் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை' என்று அவர் சொன்னாரே, அந்த வாதத்துக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வயது ஆகிறது. ரோமாபுரியின் சிசரோ, கி.மு. 44-இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலே ஒரு வீடு வருகிறது. பார்வைக்கு நல்ல வீடு. ஆனால் படுக்கையறைகளிலெல்லாம் பாம்பு வருகிறது, மரங்கள் மட்டமானவை, எந்த நேரமும் இடிந்து விழலாம். இதெல்லாம் சொந்தக்காரனுக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்கலாமா?

கிரேக்க ஞானிகள் இருவர் இந்த மாதிரி விஷயத்தில் முரண்பட்டார்கள் என்கிறார் சிசரோ. ஒருவர் பாபிலோன் டயோஜனீஸ். பீப்பாயில் வசித்தவர் அல்ல, அவர் வேறு. மற்றவர் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். குருவின் கட்சி என்ன? விற்கிறவன் யாரையும் வாங்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. வாங்குகிறவனுக்குக் கண் இருக்கிறது, புத்தி இருக்கிறது. தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் என்று சட்டமா? சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. சிஷ்யரின் கட்சி நேர் எதிரானது. வழி தவறியவனுக்கு வழிகாட்ட மறுப்பவனை ஏதென்ஸ் நகரத்தில் எல்லோரும் சேர்ந்து சபிப்பார்கள். இங்கே அதைவிட மோசம். தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் போக விடுகிறோம்! சிசரோ சிஷ்யரின் பக்கம் நின்றார்.

டயோஜனீஸின் வாதத்தை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பது என் அபிப்பிராயம். மனிதர்கள் தமக்குத் தெரிந்த குறைகளையெல்லாம் தண்டோரா போட்டுக்கொண்டே இருக்க முடியுமா? கறை படிந்த சுவரைக் கறையோடு ஒருவன் விற்றான். வாங்குகிறவன் அதைப் பார்த்தும் கேட்கவில்லை. அங்கே டயோஜனீஸ் ஓரளவு ஜெயித்துவிடுவார். ஆனால் கறையின் மேல் புதுப்பலகை ஏறிய அந்த நிமிஷத்தில் அவருடைய கட்சி விழுந்துவிடுகிறது. ஏனென்றால் புதுப்பலகை மௌனமாக இல்லை. அது பேசுகிறது! 'நான் நன்றாக இருக்கிறேன், என்னை நம்பிச் சாய்ந்துகொள்' என்று உள்ளே நுழைகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறது. வாயைத் திறக்காமல் பொய் சொல்கிற கலை இதுதான்.

இந்தக் கலைக்கும் சிசரோ ஒரு கதை வைத்திருக்கிறார். சிரக்யூஸ் நகரத்துக்கு ஓய்வெடுக்க வந்த கேனியஸ் என்ற ரோமானியப் பிரபு, ஒரு சின்னத் தோட்ட வீடு வாங்க ஆசைப்பட்டான். பிதியஸ் என்ற லேவாதேவிக்காரன் அவனைத் தன் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தான். விருந்தின்போது பார்த்தால், எதிரே கடல் நிறையப் படகுகள்! மீனவர்கள் வரிசையாக வந்து பிதியஸின் காலடியில் மீனைக் கொட்டுகிறார்கள். ஊருக்கு மீன் கிடைப்பதே இந்த இடத்தில்தான் என்று பிதியஸ் அலட்சியமாகச் சொல்லி வைத்தான். கேனியஸ் கெஞ்சி, கேட்ட விலை கொடுத்து வாங்கினான். மறுநாள் ஒரு துடுப்பைக்கூடக் காணோம். 'இன்று மீனவர்களுக்கு விடுமுறையா?' என்று பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டான். 'இங்கே யாரும் மீன் பிடிப்பதே இல்லையே! நேற்று என்ன விசேஷம் என்று நான்தான் ஆச்சரியப்பட்டேன்' என்றான் அவன். அந்தப் படகுகள் என்னவோ, அவைதான் வெள்ளைப் பலகை.

இதுவரை பேசியது சுலபமான பகுதி. ஏமாற்றுகிறவன் வசதியுள்ளவனாகவும் ஏமாந்தவன் நல்லவனாகவும் இருந்தால் தீர்ப்புச் சொல்வதில் கஷ்டமே இல்லை. வேறு மாதிரி நினைத்துப் பாருங்கள். ஒரு விதவை. கணவன் விட்டுப் போன சொத்து இந்தப் பழைய வண்டி ஒன்றுதான். சுவரைத் திறந்து சரிசெய்ய அவளிடம் பணமில்லை. கையில் தொழிலும் இல்லை. உண்மையைச் சொன்னால் பாதி விலைகூடத் தேறாது. குறைகிற பாதி, ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம். ஒரு பலகை, ஒரு டப்பா பசை, ஒரு பிற்பகல். அவ்வளவுதான் அவளுக்கும் அந்தப் பணத்துக்கும் நடுவில் நிற்கிறது. அவளிடம் போய் ஆன்டிபேட்டரை ஒப்பிக்க எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனாலும் யோசிக்கிறேன். அந்த நஷ்டம், அவள் உண்மையைச் சொல்வதனால் உண்டாவதல்ல. முதல் துளி தண்ணீர் உள்ளே இறங்கிய அன்றே அது பிறந்துவிட்டது. பலகை அதைக் கொல்லவில்லை. வேறொருவர் தலைக்கு மாற்றுகிறது, வட்டியும் சேர்த்து. அந்த வேறொருவர் யார்? பணக்காரன் பழைய வண்டி வாங்க வருவதில்லை. அவன் புதுசு வாங்குகிறான். பழசைத் தேடி வருகிறவன் அநேகமாக இவளைப் போலவே கையைப் பிசைகிறவன்; அதிலேயே குடியிருக்கப் போகிறவனாகவும் இருக்கலாம். ஏழையின் சுமையை இறக்கி இன்னோர் ஏழையின் முதுகில் ஏற்றுவதற்கு அந்த வெள்ளைப் பலகை உதவுகிறது.

அப்படியானால் அவள் என்னதான் செய்வது? இங்கேதான் இரண்டு கடமைகளை நாம் பிரித்துப் பார்க்கத் தவறுகிறோம். சரிசெய்வது ஒரு கடமை. அது வசதியையும் உடல் வலிமையையும் பொறுத்தது. இல்லாதவரை அதற்காக யாரும் குற்றம் சொல்ல முடியாது. மறைக்காமல் இருப்பது வேறொரு கடமை. அதற்குக் காலணா செலவில்லை. பலகை வாங்குகிற காசுகூட மிச்சம். கறையைக் கறையாகவே விட்டு, 'இதிலே வேலை பாக்கி இருக்கிறது' என்று சொல்லி விற்கலாம். அப்படிப்பட்ட வண்டிகளையே தேடி வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் அந்த நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விலை குறைவாகத்தான் கிடைக்கும். ஆஸ்பத்திரிக் கடன் முழுவதும் தீராது. அந்தக் குறையை நான் வார்த்தைகளால் அடைத்துவிட முடியாது. ஆனால் அதை நிரப்ப வேண்டியவர்கள் அவளுடைய சுற்றமும் சமூகமுமே தவிர, அடுத்த மழையில் நனையப் போகிற அந்த முன்பின் தெரியாதவன் அல்ல.

சமூகம், சர்க்கார் என்றால் மட்டும் யோக்கியமாக நடந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். 2005-இல் கத்ரீனா புயல் அடித்த பிறகு, வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு இதே மாதிரி வண்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. குடியிருந்தவர்களுக்குக் கண் எரிச்சல், தலைவலி, மூச்சுத் திணறல். சுவர்ப் பலகைகளின் பசையிலிருந்து கசிந்த ஃபார்மால்டிஹைடு என்ற வாயுதான் காரணம் என்று சந்தேகம் எழுந்தது. அரசு மருத்துவ நிபுணர்கள் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வண்டிகளைச் சோதித்தார்கள். வழக்கமான வீடுகளில் இருப்பதை விட அதிகமான அளவில் அந்த வாயு இருந்தது. பிற்பாடு, 'குடியிருக்க உகந்ததல்ல' என்று சீட்டு ஒட்டி அந்த வண்டிகளை ஏலத்தில் விற்றார்கள். கை மாறிப் போகையில் சில வண்டிகளில் அந்தச் சீட்டைக் காணோம் என்றும், அவற்றில் மறுபடியும் தொழிலாளர்கள் தங்க வைக்கப்பட்டார்கள் என்றும் 2010-இல் பத்திரிகைகள் எழுதின. அரசாங்கம் சொன்ன உண்மை, ஒட்டிய ஒரு காகிதத்தின் ஆயுள் வரைக்கும்தான் நின்றது. கிழித்த கைக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? கண் மூடித் திறக்கிற நேரம்! சட்டம் எவ்வளவு தூரம் போனாலும், கடைசிச் சுவரின் முன்னால் தனியாக நிற்கிறவன் ஒரு மனிதன்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'அப்படியானால் எதையுமே மூடக்கூடாதா? எல்லாச் சுவர்களையும் திறந்து போட்டுக்கொண்டு வாழ்வதா?' என்று யாராவது கேட்டால், அதற்கும் நான் உடன்பட மாட்டேன். பலகை பொய்யல்ல. சட்டமும் பஞ்சும் வெளியே தெரிகிற அறையில் யாரால் வசிக்க முடியும்? பலகை ஒரு மரியாதை. நம் துக்கங்களையும் பழைய அவமானங்களையும் வருகிற விருந்தாளிக்கெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருப்பது நேர்மை ஆகாது. அது ஒரு வகையில் அவர்களுக்குச் செய்கிற தொந்தரவு. அந்தப் பஸ் டிரைவரும் கடைசியில் பலகை வைத்துத்தான் மூடினார். உலர்ந்த பிறகு மூடினார், அவ்வளவுதான்.

உலர்ந்ததன் மேல் மூடுவது பண்பாடு; ஈரத்தின் மேல் மூடுவது மோசம். இதை ஒப்புக்கொள்ள யாருக்கும் கஷ்டமில்லை, நம் வீட்டுக்கு வராத வரையில். 'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்' என்ற பழமொழியைச் சிரித்துக்கொண்டே சொல்கிற ஜாதி நாம். பையனுக்கு வருகிற வலிப்பை, பெண்ணுக்கு இருக்கிற வியாதியை, தகப்பனார் பட்ட கடனை, ஜரிகைப் புடவையும் நாதஸ்வரமும் வைத்து மூடி, நல்ல காரியம் முடிந்தது என்று தாம்பூலம் வாங்கிக்கொண்டு போகிறோம். முதல் மழைக் காலத்தில் அந்தச் சுவரில் சாய்கிறவள் யாரோ ஒருத்தி. சொல்லிவிட்டுச் செய்த கல்யாணங்களில் வியாதியோடும் கடனோடும் மனமொத்து வாழ்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வியாதி அவர்களைப் பிரிக்கவில்லை. சொல்லாமல் செய்த கல்யாணங்களில், வியாதி குணமான பிறகும் 'ஏன் என்னிடம் மறைத்தாய்?' என்ற கேள்வி குணமாகாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

சகோதரர்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் பெரியவர்கள் கூடி, 'நடந்ததை மறந்துவிடுங்கள்' என்று இருவர் கையையும் சேர்த்து வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். தண்ணீர் எங்கே நுழைந்தது என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த பாகப்பிரிவினைக்குள் அந்தக் கை மறுபடி விலகுகிறது. கதை எழுதுகிறவர்களுக்கும் இந்தத் தொழில் நன்றாகத் தெரியும். கதைக்கு நடுவில் காரணம் பலவீனமாக இருந்தால், அந்த இடத்தில் நிலா வெளிச்சத்தை வர்ணித்துவிடலாம்! வாசகர்கள் மெச்சுவார்கள். கதை மட்டும் பத்து வருஷத்தில் உட்கார்ந்து போகும்.

இந்தக் கடன் யாருக்குப் பட்டது என்று கேட்டால், கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்கு அல்ல என்றுதான் சொல்வேன். கண் எதிரில் நிற்கிறவனுக்குச் செய்கிற நேர்மையில் பயமும் கலந்திருக்கும், பெயர் எடுக்கிற ஆசையும் கலந்திருக்கும். சுவருக்குள்ளே செய்கிற நேர்மைக்குப் பெயரும் இல்லை, நன்றியும் இல்லை. அதை அனுபவிக்கப் போகிறவன், அதைச் செய்தவனைப் பற்றி நினைக்கக்கூட மாட்டான். மழை பெய்யும், அவன் பாட்டுக்குத் தூங்குவான்.

ஆகையால் பூசுங்கள், மெழுகுங்கள். அதில் தப்பில்லை. பூசுவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை சுவரில் கையை வைத்து, ஈரம் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பாருங்கள்.